இரண்டு கையாலும்

"டெஸ் டீச்சர் எப்போ திரும்பி வருவாங்க?"

முதல் நாள், முதல் வகுப்பு. புதிய ஆங்கில டீச்சரான அவள் தன் பெயரைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து கேட்டாள் ஒரு சிறுமி. நாலாம் வகுப்பு யேரின்.

இனி வரமாட்டார், ஊருக்கே போய்விட்டார் என்று பக்கத்தில் நின்ற ஓ என்ற கொரிய டீச்சர் தன் மொழியில் சொன்னார்.

வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்தது. டெஸ்ஸை அவள்தான் துரத்திவிட்டாள் என்பதுபோல.

அது மார்ச்.

டெஸ் காலிசெய்த வீட்டைத்தான் பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்திருந்தது. ஒற்றை அறை. டெஸ் வாங்கிய குக்கரில் சோறு வைத்தாள். டெஸ்ஸின் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். விருதுநகரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலும் கொடியில் காயும் நைட்டியும் மட்டும்தான் அவளுடையவை.

பள்ளி வாசலின் செருப்பு அலமாரியில், அவளுக்கென்று ஒதுக்கிய தட்டில், டெஸ் என்று ஒரு சீட்டு. நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது.

ஆங்கில வகுப்பறைச் சுவரில் ஒரு படம். டெஸ்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள் யேரின்.

ஆப்பிள் என்று அவள் சொன்னபோது, டெஸ் டீச்சர் அப்படிச் சொல்லமாட்டாங்களே என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடு போய்ச் சேரும்வரை அந்த ஆப்பிள் தொண்டையிலேயே இருந்தது.

பிள்ளைகள் மரியாதையானவர்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். எதிரே வந்தால் கைகளை வயிற்றில் சேர்த்து, இடுப்பு வளைத்து வணங்கினார்கள்.

முதலில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் எந்தப் பிள்ளை இப்படிக் கும்பிட்டது.

பிறகுதான் ஓ டீச்சர் சொன்னார். டெஸ்ஸுக்கு யாரும் குனியவே மாட்டார்களாம். கையாட்டுவார்களாம். பிள்ளைகளில் ஒருத்தி மாதிரி ஆகிவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வணக்கமும் உறுத்தியது.

மே மாதம் அந்தக் கடிதம் வந்தது. தடித்த உறை. வெளிநாட்டு அஞ்சல்தலை. பள்ளி முகவரி, யேரினின் பெயர். மூலையில் டெஸ். மேலே ஆங்கிலமாக இருந்ததால் அலுவலகத்திலிருந்து அவள் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் கொடுக்கலாம் என்றுதான் மூன்றாவது இழுப்பறையில் வைத்தாள்.

அன்று சாப்பாட்டுக்கூடத்தில் யேரின் தானாக வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் தட்டில் தொடாமல் கிடந்த மீனைச் சாப்பாட்டுக் குச்சியால் எடுத்துக்கொண்டாள். பதிலுக்குத் தன் ஆரஞ்சுச் சுளையை வைத்தாள்.

ஒரு கையால்.

போகும்போது குனியவில்லை. கையாட்டினாள்.

இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கொடுக்கலாம்.

மறுநாளும் யேரின் கையாட்டினாள். அதற்கடுத்த நாளும்.

ஜூனில் யேரினுக்குப் பிறந்தநாள். மாலையில் ஆங்கில வகுப்பறை ஜன்னலோரம் வந்து நின்றாள். அரைகுறை ஆங்கிலத்தில், பாதி கையால் பேசினாள். பிறந்தநாளுக்குள் கண்டிப்பாக எழுதுவேன் என்று டெஸ் டீச்சர் சொல்லியிருந்தாராம்.

"மறந்துட்டாங்கபோல."

அவள் யேரினின் தலையைத் தடவிக்கொடுத்தாள். யேரின் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே ஏதோ இனித்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இன்று ஜூலை. நாளை முதல் கோடை விடுமுறை.

இங்கே பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே சுத்தம் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தினமும் தரையைக் கூட்டுவார்கள். பலகையைத் துடைப்பார்கள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். விடுமுறைக்கு முந்தைய நாள் ஆசிரியர் மேசையின் இழுப்பறைகளையும் உருவிப் போட்டுத் துடைப்பார்கள் என்று ஓ டீச்சர் காலையிலேயே எழுதி அனுப்பியிருந்தார். கொரிய மொழியில், நீளமாக. வழக்கம்போல அவள் பாதி படித்ததோடு விட்டுவிட்டாள்.

அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது இழுப்பறைகள் தரையில் வரிசையாக இருந்தன.

மூன்றாவதன் முன்னால் யேரின் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஈரத்துணி. மறு கையில் உறை.

அஞ்சல் முத்திரையில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது.

யேரின் உறையைப் பிரிக்கவில்லை. ஈரம் படாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தாள். இழுப்பறையைத் துடைத்தாள். மூலைகளைக்கூட விடவில்லை. தூக்கி மேசையில் பொருத்தித் தள்ளினாள். துணியை மடித்துப் போட்டாள்.

பிறகு உறையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

காத்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்கும் சொல்லை அவள் இங்கே வந்த முதல் வாரமே கற்றிருந்தாள். பேருந்தில் யார் காலை மிதித்தாலும் தானாக வரும் சொல். இப்போது வரவில்லை.

கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

யேரின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உறையோடு சேர்த்துக் கைகளை வயிற்றில் வைத்தாள். இடுப்பை வளைத்து, மார்ச் மாதத்தில் குனிந்ததைவிடத் தாழக் குனிந்தாள்.

யேரினுக்குக் கையாட்டுவதற்காக அவள் கை பாதி உயர்ந்திருந்தது.

யேரின் நிமிர்ந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.