உள்ளது உள்ளபடி

தடார்!

தகரச் சுவர் அதிர்ந்ததில், ஆணியில் தொங்கிய வாணலி ஆடிக் கழன்றது. ஹெர்டிஸ் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே அமெரிக்க கேப்டன் கொட்டகையைத் தடியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தத்தைக் கேட்டீங்களா? இன்னும் இருபது வருஷம் அசையாது.”

“இந்தப் பனிக்காலம் தாங்கினாலே பெருசு.”

இது தோர்வாரின் குரல். ஐஸ்லாந்து அரசுக்காகச் சாமான் வாங்க வந்திருப்பவர். கருவாட்டுத் துண்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசுபவர் என்று ரெய்க்யாவிக் முழுக்கப் பேச்சு.

போர் முடிந்துவிட்டது. அமெரிக்கப் படை ஜீப், கம்பி, கொட்டகை எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறப் போகிறது.

ஊரில் வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. குடியிருந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னதும், ஹெர்டிஸ் மகனைத் தூக்கிக்கொண்டு இந்தக் காலிக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டாள்.

விற்பனை முடியும்வரை இது அமெரிக்கப் படையின் சொத்து. இப்போது அகப்பட்டால் ராணுவப் போலீஸ் அள்ளி வெளியே போடும். கை குலுக்கி முடித்துவிட்டால் ஐஸ்லாந்தின் சொத்து. சொந்த அரசு சொந்தப் பிள்ளையைப் பனியில் தள்ளுமா? தள்ளட்டும், அதையும் பார்த்துவிடலாம்.

விடியும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டாள். ஜன்னல் இடுக்கு வழியாகக் கொட்டகை வரிசை முழுவதையும் பார்த்தாள். எந்தக் கொட்டகையின் புகைபோக்கியிலும் புகை இல்லை. நல்லது.

மகன் ஓர்னின் வாயில் வெண்ணெய் தடவிய கருவாடு. மெல்ல மெல்லத் தீராது. வாய் பேசாது.

கைப்பிடி திருகியது. ஹெர்டிஸ் கதவில் தோளைக் கொடுத்து நின்றாள்.

“இதுவும் திறக்கலையே!” தோர்வாருக்கு ஒரே சந்தோஷம். “வரிசையே துருப்பிடிச்சுக் கிடக்கு. உள்ள பாக்காமலே வாங்கச் சொல்றீங்க. விலையைக் குறைங்க.”

“காலையிலேருந்து கதவுக்குக் கதவு குறைச்சுட்டேதானே வர்றேன்!”

“அப்போ எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே கொண்டு போங்க. நான் துறைமுகத்துல நின்னு கையாட்டுறேன்.”

கேப்டன் பல்லைக் கடிப்பது தகரத்தைத் தாண்டியும் கேட்டதுபோல் இருந்தது. சிப்பாய்களின் துணி துவைத்தே ஆங்கிலம் கற்றவள் ஹெர்டிஸ். அடுத்து வந்த ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கினாள்.

“தொலையட்டும். நீங்க கேட்ட விலைதான். ஆனா உள்ளது உள்ளபடி, நிக்கிற இடத்துலயே. உள்ள என்ன இருந்தாலும் உங்களோடது. அப்புறம் வேண்டாம்னு வந்து நிக்கக்கூடாது.”

“மொத்த வரிசையும்?”

“மொத்த வரிசையும். கையைக் குடுங்க.”

கையுறையும் கையுறையும் மோதின.

ஹெர்டிஸ் தாழ்ப்பாளை இழுத்தாள். எண்ணெய் போட்டு வைத்திருந்த தாழ்ப்பாள், முனகக்கூட இல்லை.

கதவு திறந்தது. வாணலியோடு அவள். பாவாடையைப் பிடித்தபடி, இன்னும் மென்றுகொண்டு ஓர்ன்.

தோர்வாரின் முகம் வெளுத்தது. “யாரும்மா நீ? முதல்ல வெளிய வா!”

“உள்ளது உள்ளபடி வாங்கிட்டீங்க. நாங்களும் உள்ளதுலதான் சேர்த்தி.”

கேப்டன் குபீரென்று சிரித்துவிட்டார். தோர்வார் அவரை முறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன திமிர்! ஒத்தைப் பொம்பளை, ஒரு பொடியன். உங்களைக் கிளப்ப எவ்வளவு நேரமாகும்? இப்பவே ஆளைக் கூப்பிடுறேன்.”

ஹெர்டிஸ் வாணலியைக் கை மாற்றிக்கொண்டாள். அவர் ஆசை ஆசையாக விலை குறைத்து வாங்கிய வரிசையை ஒரு முறை கடைசிவரை பார்த்தாள்.

“நிறைய ஆளாக் கூப்பிடுங்க, ஐயா. இந்த வரிசையில எந்தக் கதவும் துருப்பிடிக்கல. எல்லாம் உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு.”