ரோட்டைப் பாருங்க

"ஸ்கிரீனத் தொடாதீங்க மச்சான்! ரோட்டப் பாருங்க!"

மகாதேவி போட்ட சத்தத்தில்தான் ராஜமுருகன் நிமிர்ந்தான். வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தான். பஸ் ஹாரனை அலறவிட்டபடி, உரசாத குறையாகக் கடந்து போனது.

"கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு கெடக்கு. சூடு காத்து எங்க இருக்குன்னு தேடுனேன்."

"நான் தேடுறேன். நீங்க ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வைங்க."

கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏசி, பாட்டு, மேப், போன் எல்லாமே நடுவில் இருந்த அந்தப் பெரிய திரைக்குள் அடக்கம். பழைய ஜீப்பில் பார்க்காமலே கை போய்த் திருகிவிடும். இதில் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய்த் துழாவ வேண்டியிருந்தது.

மகாதேவி இரண்டு மூன்று இடத்தில் தொட்டாள். கண்ணாடியில் மூட்டம் விலகி, பக்கத்துப் பள்ளம் தெரிந்தது. ராஜமுருகனின் பார்வை மறுபடியும் திரைக்கே போனது.

"ஆஸ்பத்திரியில இருந்து போனே வரலையா? இதுல ஒண்ணும் காட்டலையே?"

"உங்க போன கார்ல இருந்து கழட்டி விட்டுட்டேன்."

"ஏன்?"

"வளைவுக்கு வளைவு அதையேதான பாக்குறீங்க!"

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர் குருநாதன். மகாதேவியின் அப்பா, ராஜமுருகனுக்குத் தாய்மாமன். கைக்குழந்தையிலேயே தகப்பனை இழந்த அவனைத் தோளில் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, பெண்ணையும் கொடுத்தவர். வெள்ளனே நெஞ்சுவலி வந்து சேர்த்திருந்தார்கள். தகவல் தெரிந்ததும் இருவரும் போட்டது போட்டபடி மலைமேல் இருந்த போளூர் கிராமத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

"போனக் குடு மகா. ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

"டவர் இல்ல."

"எப்பவும் இங்கன எல்லாம் எடுக்குமே?"

"இப்ப இல்ல. வளைவு வருது பாருங்க, கியரக் கொறைங்க."

கார் வளைவில் திரும்பியது. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வெளியே பார்த்த நொடியில் கை தானாகத் திரைக்குப் போனது. போன் இணைப்பு எங்கே, இங்கேயா, அங்கேயா என்று விரல் தேடியது.

சரசரவென்று சத்தம். இடது சக்கரம் தார்ச்சாலையை விட்டிறங்கி ஜல்லியில் ஓடியது. தடுப்புச் சுவர் பக்கத்தில் வந்துவிட்டது.

"மச்சான்!"

பதறித் திருப்பினான். கார் குலுங்கிச் சாலைக்கு ஏறியது. மகாதேவி திரையையே அணைத்தாள்.

"அத எதுக்குடி அமத்துற?"

"கீழ எறங்குற வரைக்கும் அது வேணாம்."

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஒன்னப் பெத்தவருடி அங்க கெடக்குறது! எனக்கு நெஞ்சு பதறுது. நீ என்னடான்னா கியரக் கொற, ஸ்கிரீனத் தொடாதன்னுக்கிட்டு வர்ற. கெளம்பும்போது வெரசா, வெரசான்னு உசுர வாங்குன. இப்ப மாட்டுவண்டி கணக்கா உருட்டச் சொல்ற. நீயெல்லாம் என்ன பொம்பள?"

மகாதேவி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"முன்னால லாரி நிக்குது. ஹாரன் அடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

அதன் பிறகும் அவள், வளைவு வருது, பைக் வருது, குரங்கு குறுக்க ஓடுது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு நிமிடம்கூட அவனைச் சும்மா விடவில்லை. குளிர் குறைந்து, காது அடைத்துத் திறந்து, காமக்காபட்டி வந்தது. மலைப்பாதை முடிந்து சாலை நேராக ஓடியது.

ராஜமுருகன் ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

"அந்தப் புளியமரத்துக்கிட்ட ஓரமா நிறுத்துங்க மச்சான்."

"எதுக்கு? ஆஸ்பத்திரிதான் இந்தா வந்திருச்சே! மாமா நம்ம மொகத்தப் பாத்தாலே பாதி தெளிஞ்சிருவாரு."

"நிறுத்துங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிறுத்த வைத்தது.

"எஞ்சின அமத்துங்க."

அணைத்தான். மகாதேவி அவன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா போயிட்டாரு மச்சான். பெருமாள்மலையில டிராபிக் என்னன்னு பாக்க எறங்கிப் போனீங்கள்ல... அப்பவே சித்தப்பா போன் பண்ணிட்டாரு" என்று சொல்லி முடிப்பதற்குள், மலை நெடுக அடக்கிக்கொண்டு வந்த அழுகை அவளிடமிருந்து வெடித்துக் கிளம்பியது.