மஞ்சள் பொட்டு

பாகங்களை உதிரி உதிரியாக வாங்கி ஒரு ஷெட்டில் கார் ஒன்றைப் பூட்டி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஆர்மில் இரும்பு பிராக்கெட்டைப் பொருத்தினார்கள். முறுக்கி முடித்த நட்டுக்கு மஞ்சள் பெயிண்டில் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். பிராக்கெட்டின் நட்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று. ஆனாலும் ஆர்முக்கு என்னவோ ஆடுகிற மாதிரியே இருந்தது.

"ஏம்பா நட்டு, உன்னை நல்லா முறுக்கினாங்களா?"

"எங்கண்ணே, விரலாலதான் திருகினாங்க. ஸ்பானரைக் காணோம், பெயிண்ட் டப்பா கையில இருந்துச்சு. முறுக்குறது அப்புறம்னு பொட்டை வெச்சுட்டாங்க."

ஆர்முக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடப்பாவி, முதலாளி வந்து பார்த்தாரே. கொஞ்சம் ஆடிக் காட்டியிருக்கலாமே?"

"பொட்டு வெச்ச பிறகு நான் லூஸுன்னு காட்டினா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"சும்மா இருங்க," என்றது பிராக்கெட். "அவரே பொட்டைப் பார்த்துத் தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

அதற்குள் என்ஜின் உறுமியது. கார் வாசலைத் தாண்டி இறக்கத்தில் உருள ஆரம்பித்தது. ஆர்முக்குக் கைகால் ஓடவில்லை. நல்லவேளை, பக்கத்திலேயே பிரேக் இருந்தது.

"அண்ணே, நீங்களாவது சரியா இருக்கீங்கல்ல?"

பிரேக் மெல்லத் திரும்பி, இன்னும் ஈரம் காயாத தன் மஞ்சள் பொட்டைக் காட்டியது.