முன்னால் போகும் சட்டை

கட்டம் போட்ட நீலச் சட்டை நின்றது. அவளும் நின்றாள்.

சட்டை திரும்பியது. முன்பின் தெரியாத முகம்.

“ஏம்மா, இது ஜென்ட்ஸ் பாத்ரூம்.”

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இத்தனை பேர் பார்க்கவா மானம் போகவேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வந்த வழியே நடந்தாள். தூண் மறைவுக்கு வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

தப்பு அவள் மேல் இல்லை. கால்களின் மேல்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தக் கால்களுக்கு ஒரே வேலைதான். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போவார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. இவள் சட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுவாள். கொஞ்சம் மெதுவா நடங்களேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சென்னைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். பார்த்ததெல்லாம் அவர் முதுகு.

அந்த முதுகு இப்போது திண்டிவனத்தில் கட்டிலில் கிடக்கிறது. போன வாரம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டு.

“நான் இல்லாம நீ எப்படிப் போவ? டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு” என்றார்.

அவள் பண்ணவில்லை.

விஜயவாடாவில் நாளை விடிந்தால் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். கோமளா பாதி ஆயுளை வாடகை வீடுகளில் கழித்தவள். அக்கா வராமல் பால் காய்ச்ச மாட்டேன் என்று போனில் அழுதே விட்டாள். ரயில் மத்தியானம், சென்ட்ரலிலிருந்து. அதை விட்டால் இன்றைக்கு வேறெதிலும் இடம் இல்லை.

ரயிலை விட்டுவிட்டுத் திரும்பிப் போனால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு பார்வை பார்ப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இனிமேல் எந்தச் சட்டையையும் பார்ப்பதில்லை. வாய் எதற்கு இருக்கிறது?

கொய்யா விற்கிறவளிடம் கேட்டாள். டவுன் பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம்.

கண்டக்டரிடம் கேட்டாள். தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூக்காரியிடம் கேட்டாள். பீச் வண்டியில் ஏறணும். எழும்பூருக்கு அடுத்தது பார்க் ஸ்டேஷன். இறங்கிச் சுரங்கப்பாதையில் போய் மேலே ஏறினால் சென்ட்ரல். வழியைச் சொன்ன கையோடு ஒரு முழம் மல்லியையும் தலையில் கட்டிவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி.

ரயிலில் ஜன்னல் கிடைத்தது.

பல்லாவரத்தில் ஒரு மலை இருந்தது. இவ்வளவு பெரிய மலை இத்தனை வருடம் எங்கே போயிருந்தது?

பார்க்கில் இறங்கினாள். சுரங்கப்பாதை. படிகள். மேலே வந்ததும் எதிரே செக்கச் செவேலென்று சென்ட்ரல். கோபுரத்துக் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பச்சைப் புடவை கட்டிய சின்னப் பெண். இரண்டு கையிலும் பை. வியர்வையில் பொட்டு கரைந்திருந்தது.

“தாம்பரத்துலேர்ந்து உங்க பின்னாடியேதான் வர்றேங்க்கா. நீங்க நடக்கறதப் பாத்தா வழி தெரிஞ்சவங்களாட்டம் இருந்துச்சு. எழும்பூர் இதுதானே?”

அவளுக்கு அந்த நீலச் சட்டைக்காரரின் முகம் கண்முன்னே வந்தது. பாவம் மனிதர், எவ்வளவு திகைத்திருப்பார்.

சிரிக்கவில்லை. கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டாள். சுரங்கப்பாதையில் மறுபடி இறங்கி, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவசரம்தான், இருந்தாலும் அந்தப் பெண்ணின் நடைக்குத்தான் நடந்தாள்.

பார்க் ஸ்டேஷனில் எதிர்ப்பக்கத்து நடைமேடையைக் காட்டினாள்.

“தாம்பரம் வண்டில ஏறு. அடுத்ததுதான் எழும்பூர். ஏறினதும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

அப்புறம் ஓடினாள். படிகளில் ஓடினாள், சென்ட்ரல் வாசலில் ஓடினாள், பூ ஒரு பக்கம் தொங்க ஓடினாள். முன்னால் யாரும் இல்லாமல் ஓடுவது சுகமாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

“எங்க நிக்கிற?”

“நிக்கலீங்க. உக்காந்துட்டேன். விஜயவாடா வண்டில.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

“எப்படிப் போன?”

“போன்ல சொன்னா புரியாது. கால் சரியாகட்டும். அடுத்த தடவ நீங்க என் பின்னாடி வாங்க.”

வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர்ந்தது. போனை வைத்துவிட்டார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“மெதுவா நடப்பியா?” என்று கேட்டார்.