பாட்டிலின் எடை

என் புருஷனைக் கொண்டுபோனவள் கூசாமல் போன் செய்தாள். "அவரோட இ-சிகரெட்டுக்கு நீங்க கலக்குற லிக்விட்தான் வேணுமாம்க்கா."

எலக்ட்ரானிக் தராசில் காலி பாட்டிலை வைத்து பூஜ்யப் பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் பாட்டிலின் எடை கணக்கில் வராது. ஆனால் பாட்டில் அங்கேயேதான் இருக்கும். அவன்தான் சொல்லிக்கொடுத்தான். என்னையும் அப்படித்தான் கணக்கில் இல்லாமல் ஆக்கினான். வழக்கமான புதினா எசன்ஸை கிராம் பிசகாமல் ஊற்றினேன். பிறகு, அவன் முகம் புதைத்துக் கிடந்த என் கூந்தலின் தாழம்பூ வாசத்தையும் எசன்ஸாக வாங்கி, அதில் சில சொட்டுகள் விட்டேன்.

அடுத்த வாரம் அழுதாள். "வீடு பூரா தாழம்பூ வாசம்க்கா. என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு. ஊதுறதை மட்டும் நிறுத்த மாட்டேங்கிறாரு."

"அப்படியா?" என்றபடி அடுத்த பாட்டிலைத் தராசில் வைத்தேன்.