ஆறு கிலோ அரிசி

சவளக்கடைக் கிராமத்தில் செத்துப்போன ஒருவன் இன்னும் சோறு தின்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தது றிபாவின் கம்ப்யூட்டர் புரோகிராம்தான். நானூறு வீடுகளின் அரிசிக் கணக்கை மளமளவென்று விழுங்கிய அது, செல்லத்தங்கத்தின் வீட்டுக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது ஒருவர். வாரத்துக்கு ஆறு கிலோ அரிசி முடிகிறது. எங்கோ பிழை என்றது.

சனிக்கிழமை காலை அந்த வீட்டு வேலிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திய றிபாவின் அண்ணன் ஸஹீத், இறங்கவே மாட்டேன் என்றான். கம்பஸ் படிப்பின் விடுமுறைக்குக் கல்முனைக்கு வந்து, மூன்று மாதக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கும் தங்கச்சியை வார இறுதிகளில் ஊர் சுற்றிக் காட்டுவது அவன் பொறுப்பு. கடல், குளம், சம்மாந்துறை அரிசி ஆலை எல்லாம் முடிந்து, இன்று இந்த வீடு.

"செத்தவனுக்குச் சோறு போடுற வீடாம் இது, கடையடியில கதைக்காங்க. நான் வரல்ல. ஜின் கின் புடிச்சா என்னக் கூப்பிடாத."

"ஜின்னுக்கு உங்களத்தான் புடிக்கும் காக்கா. கவனமா இரிங்க."

சிரித்தாளே தவிர, றிபாவின் மனம் அதில் இல்லை. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பேராசிரியர் வருகிறார். அந்த ஒரு வீட்டுக்குக் காரணம் சொல்லாவிட்டால் புரோகிராமே பிழை என்றும், அடுத்த வருட ஆராய்ச்சி இடம் வேறு ஆளுக்கு என்றும் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த இடம் கைவிட்டுப் போனால், வாப்பா கலியாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்.

முற்றத்தில் நந்தியாவட்டை மரத்தடி முழுக்க வெள்ளையாய்ப் பூ உதிர்ந்து கிடந்தது. பொறுக்குவாரில்லை. செல்லத்தங்கம் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். கதைக்கும்போது அடிக்கடி உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"அம்மா, நீங்க தனியத்தானே இரிக்கிங்க? கிழமைக்கு ஆறு கிலோ எப்பிடி முடியுது?"

"நான்தான் பிழையாச் சொல்லிட்டன் புள்ள. மூண்டு எண்டு போடுங்க."

"நீங்க சொன்னத எழுதல்லையேம்மா. எங்கட ஆக்கள் நாலு கிழமையா வந்து உங்கட அரிசி வாளிய நிறுத்துப் பார்த்திரிக்காங்க."

செல்லத்தங்கத்தின் பார்வை மறுபடியும் உள்ளறைப் பக்கம் போனது. அப்போதுதான் றிபா அதைக் கண்டாள். உள்ளறைத் திரையின் அடியில் ஒரு கோப்பை நிறையச் சோறும் மீன்கறியும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் இருந்தன.

"மகனுக்குப் போடுறன்," என்றார் செல்லத்தங்கம். "சுஜிந்தன். தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரங்க வாகனத்துல வந்து ஏத்திக்கொண்டு போனாங்க. செத்துட்டான் எண்டு ஊரெல்லாம் சொன்னாங்க. ஆறு வருசமா அவன்ட சோத்த நான் ஒரு நாளும் நிப்பாட்டல்ல."

சுவரில் அவன் படம் இருந்தது. மீசை அரும்பிய பத்தொன்பது வயது முகம். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கும் இல்லை. றிபாவின் வீட்டில் செத்தவர்களின் படத்தை மாட்டும் வழக்கமே கிடையாது. அதனால் அவள் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

வெளியே ஓர் இலைகூட அசையாத வெயில். உள்ளறைத் திரை மட்டும் ஒருமுறை மெல்ல ஆடி அடங்கியது. றிபாவுக்குக் கைமயிர் குத்திட்டு நின்றது. மனதுக்குள், குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள்.

ஆனாலும் பயத்தைவிடச் சந்தோசம் பெரிதாக இருந்தது. புரோகிராமில் பிழை இல்லை, வாளியை நிறுத்தவர்களிலும் பிழை இல்லை! அவள் படிவத்தை மடியில் விரித்து, பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"என்ன எழுதுறீங்க புள்ள?"

"உங்கட மகன்ட பேரையும், இந்தச் சோத்தையும்தான். அறிக்கையில போட்டா எல்லாருக்கும் விளங்கும்."

"அந்த அறிக்கை எங்க போகும்?"

"கொழும்புக்குப் போகும். கச்சேரியில கவர்மெண்ட் ஆக்களுக்கும் ஒரு பிரதி குடுப்பாங்க."

செல்லத்தங்கத்தின் முகத்தில் இரத்தமே இல்லை. எழுந்து வந்து றிபாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மகள். அவன்ட பேர எழுதாத."

பாவமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் புரோகிராமைப் பற்றிக் கதைக்க வெட்கமாகவும் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை கண்ணுக்கு முன்னால் நின்றது.

"கோவிக்காதீங்கம்மா. நான் இத எழுதல்லண்டா என்ட கம்ப்யூட்டர் பிழை எண்டு ஆகிடும். என்ட படிப்பே போயிடும். மௌத்தாப் போனவங்கட பேர எழுதுறதால யாருக்கு என்ன வரப்போகுது?"

செல்லத்தங்கத்தின் பிடி தளர்ந்தது. றிபா குனிந்து, 'சு' என்று முதல் எழுத்தை எழுதினாள்.

உள்ளறைத் திரை விலகியது. விலக்கியது ஒரு கை. வெயிலே காணாமல் வெளிறிப்போன ஆண் கை.

றிபாவின் பேனை கீழே விழுந்து உருண்டது. வேலிக்கு வெளியே நின்ற காக்காவைக் கூப்பிட வாயெடுத்தாள். திரைக்குப் பின்னாலிருந்து, கதைத்துப் பழக்கம் விட்டுப்போன ஒரு குரல் கரகரத்தது.

"உங்கட கம்ப்யூட்டர் சரிதான் தங்கச்சி... பிழையெண்டு சொல்லிடுங்க."