கப்பு சுற்றிய காகிதம்

விருத்தாசலத்தில் பீங்கான் கப்பு, ஜாடி செய்து ஊர் ஊருக்கு அனுப்புகிற இஸ்மாயில் பாய் வாசலில் வந்து நின்றதுமே அன்புக்கரசிக்குத் திக்கென்றது.

கதை எழுதி, படம் வரைந்து, தானே காமிக்ஸ் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவள் அவள். விற்காத புத்தகங்களையெல்லாம், தாள் தாளாகக் கிழித்துக் கப்பு சுற்றிக்கொள்ளச் சொல்லி, போன மாசம்தான் பாயிடம் தள்ளிவிட்டிருந்தாள். பேனா, மையெல்லாம் பரணுக்குப் போய்விட்டன.

“ஏம்மா, உன் பேப்பரால பெரிய ரோதனையா இருக்குது.”

“மை ஒட்டிக்கிச்சா பாய்?”

“அதில்லம்மா. மதுரைக்காரர் ஒருத்தர், அதே கப்பு செட்டை மூணாவது வாட்டியா ஆர்டர் போடுறாரு.”

“அய்யய்யோ! அப்ப போற செட்டெல்லாம் உடைஞ்சிடுதா? தாளு மெல்லிசுன்னு அப்பவே சொன்னேனே!”

“ஒண்ணுகூட உடையல. ஆனா போன்ல அந்த மனுஷன் என்னைப் புடிச்சி அந்தக் கத்து கத்துறாரு.”

“அப்புறம் எதுக்குக் கத்துறாரு?”

“ரெண்டு பார்சலைப் பிரிச்சும் உன் கதையில கடைசிப் பக்கம் மட்டும் கிடைக்கலையாம். இந்த வாட்டி கப்பு உடைஞ்சாலும் பரவாயில்ல, அந்தப் பக்கம் கசங்காம வரணும்னுட்டாரு!”